தேதி போடாத காகிதம்

டீச்சர்,

போன செவ்வாய்க்கிழமை என் ராஜினாமாக் கடிதம் எனக்கே பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் கிடக்கிற கிழவிக்கு இப்போது போய் என்ன ராஜினாமா? உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம் என் கையெழுத்து. இருபத்திரண்டு வயதுக் கையெழுத்து, கோழி முட்டை மாதிரி உருண்டை உருண்டையாக. அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அனுப்பியது பண்ணையாரின் பேரன். சென்னையில் இருக்கிறாராம். ஊர் வீட்டை விற்பதற்காக இரும்புப் பெட்டியைக் காலி செய்தபோது பள்ளிக்கூடத்துக் காகிதக் கட்டுக்குள் இது கிடந்ததாம். 'உங்கள் பணிக்காலத்தின் நினைவாக இருக்கட்டும்' என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. இது என்ன காகிதம் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. தெரிந்தவர்கள் என்று இனி மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

மூன்றே வரி. 'என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு ஆசிரியப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. மேலே தேதி என்று எழுதி ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷமாக ஒன்றும் இல்லை.

உங்களுடைய காகிதத்தில் மட்டும்தான் அந்தக் கோடு நிரம்பியது.

நீங்கள் வேலையில் சேர வந்த நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. திருப்பனந்தாள் பஸ்ஸில் இறங்கி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வரப்பில் விடுவிடுவென்று நடந்து வந்தீர்கள். வாத்தியார் வேலைக்கு வருகிற பெண் பெட்டியைத் தலையில் சுமந்து வருவதை நம் ஊர் அதுவரை பார்த்ததில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம், அப்பா கடலுக்குப் போகிறவர், பயிற்சி முடித்த முதல் பெண் நீங்கள் என்று எல்லாவற்றையும் வாசல் ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டீர்கள். பள்ளிக்கூடம் பண்ணையாருடையது. சம்பளத்துக்கு மானியம் சர்க்கார் கொடுக்கும், ஆளை வைப்பதும் எடுப்பதும் மேனேஜர் என்ற பெயரில் பண்ணையார். அவர் வீட்டுக் கூடத்தில் கணக்குப்பிள்ளை உங்கள் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று சேர்ந்ததற்கு. மற்றது விலகுவதற்கு.

"சேர்ற அன்னிக்கே விலகறதா? தேதி வேற போடலியே?" என்றீர்கள்.

"அத ஐயா வேணுங்கறப்ப போட்டுக்குவாங்க" என்றார் கணக்குப்பிள்ளை, சர்வ சாதாரணமாக.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் உங்களுக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவள். துணைக்கு என்று என்னைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் போடுறதுதான் டீச்சர். நானும் போட்டேன். சும்மா ஒரு பேப்பர்."

நீங்கள் கணக்குப்பிள்ளையை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, டீச்சர். என் முகத்தைப் பார்த்துப் போட்டீர்கள்.

தபாலாபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் இரண்டு பேரும் குடியிருந்தோம். நீங்கள் சென்னாக்கூனிக் கருவாடு வறுக்கிற அன்றெல்லாம் வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து நின்றுவிடுவார். "வாங்கக்கா, ஒரு பிடி சோறு போட்டுத் தரவா?" என்று நீங்கள் கேட்க, அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார். எனக்கு அப்பா இல்லை. கீழே இரண்டு தங்கைகள், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் நான் எதற்கும் தலையாட்டுகிறவள். நீங்கள் எதற்கும் ஏன் என்று கேட்கிறவர். எப்படித்தான் நமக்குள் ஒத்துப்போனதோ.

அந்தச் சட்டம் வந்த செய்தியைப் பேப்பரில் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். தனியார் பள்ளி ஆசிரியரை மேனேஜர் நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது, கல்வி அதிகாரியிடம் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஹெட்மாஸ்டரிடம் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினீர்கள். அவர் மோர்சோற்றைப் பிசைந்துகொண்டே, "சட்டசபையில சட்டம் போடுறாங்க. நம்ம ஊர்ல யாரு போடுறது?" என்றார். நீங்கள் விடவில்லை. "இனிமே பண்ணையாரும் நம்மள மாதிரி மனு எழுதித்தான் சார் ஆகணும்" என்றீர்கள்.

மேடையில் நின்றால் உழவனே முதலாளி என்று பேசுகிற காலம் அது. நம் பண்ணையாரும் கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். ஆள் மாறவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கும்பகோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். காபி கிளப்பில் பித்தளை டபராவில் ஆளுக்கொரு காபி. அதை ஆற்றும்போது எனக்கு அந்தத் தேதி போடாத காகிதம் நினைவுக்கு வந்தது. நீக்குவதற்குத்தானே அனுமதி வேண்டும், நாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்று தோன்றியது. உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்ல காபியைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் மறுநாளே அதிகாரிக்கு எழுதிப் போட்டிருப்பீர்கள், உங்களுக்கு அவ்வளவு சூடு உண்டு. திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு சிவப்பு மைப் புட்டி வாங்கினீர்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் நீல மைதான் கொடுப்பார்கள் என்று அலுத்துக்கொண்டீர்கள்.

தை பிறந்து சம்பா அறுவடை வந்தது. அந்த வருஷம் கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று சங்கத்துக்காரர்கள் செங்கொடியை நட்டுவிட்டார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அடிதடி, போலீஸ். கூலிக்காரர்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர ஒரே வழி பண்ணையார் வயல் வரப்பு. அதில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். சுற்றி வருவதானால் வாய்க்காலில் இறங்க வேண்டும். பெரியவர்களுக்கே இடுப்பளவு தண்ணீர். அந்தத் தெருவிலிருந்து வரும் உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் ஒரே நாளில் நின்றுபோனார்கள்.

ஹெட்மாஸ்டர் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "வரலேன்னாலும் வந்ததா போட்டுடுங்க. ஐயா சொல்லச் சொன்னாங்க. ஸ்ட்ரெங்த் குறைஞ்சா ஒரு போஸ்ட்டு போயிடும்" என்றார்.

"போனா கடைசியா சேர்ந்த என் போஸ்ட்டுதான சார் போவும்? போவட்டும்."

"உனக்காகத்தாம்மா சொல்றேன்."

"வழிய அடைச்சதும் அவங்களே, வந்ததா எழுதச் சொல்றதும் அவங்களேவா?" என்று கேட்டீர்கள். அப்புறம் சொன்னீர்கள், இன்றுவரைக்கும் என் காதில் இருக்கிறது: "வராத பிள்ளைய வந்ததா எழுதிட்டா, அது என்னிக்கு சார் வரும்?"

நான் என் வகுப்புக்குப் போய், வராத நான்கு பிள்ளைகளுக்கு நீல மையில் வருகைக் கோடு போட்டேன். நீங்கள் புதுப் புட்டியைத் திறந்து பதினோரு பேருக்கும் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டீர்கள். தினமும். பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிற இடத்தில், 'பள்ளிக்கு வரும் வழி அடைக்கப்பட்டுள்ளது' என்று அச்சு மாதிரி எழுதி வைத்தீர்கள். சாயங்காலம் நீங்களே வாய்க்காலில் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தத் தெருவுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஈரத்தோடு வருவீர்கள். ஒருநாள் என்னையும் கூப்பிட்டீர்கள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றேன். கடற்கரைக்காரியிடம் போய் அப்படிச் சொன்னேன்.

பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். விளக்கம் கேட்டு மேனேஜருக்கு எழுத்தில் கடிதம் அனுப்பினார். நீங்கள் அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு இரண்டு முட்டை வாங்கி வந்தீர்கள், ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு.

பத்து நாள் கழித்து உங்களுக்குப் பதிவுத் தபால். 'தங்களது விலகல் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.' நீங்கள் அதை இரண்டு தடவை படித்தீர்கள். "நான் எப்பங்க விலகினேன்?" என்று என்னைக் கேட்டீர்கள். அப்புறம் உங்களுக்கே நினைவு வந்துவிட்டது. என்னைப் பார்த்தீர்கள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதையே பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மனுப் போட்டு, விசாரணைக்கு நாள் வந்தது, தஞ்சாவூரில். உங்களுக்குச் சாட்சி என்று நீங்கள் எழுதியிருந்தது ஒரே பெயர், என்னுடையது. விசாரணைக்கு முதல் நாள் பண்ணையார் எனக்குச் சொல்லியனுப்பினார். கூடத்தில் அதே இடம். அவர் மிரட்டவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, என் காகிதத்தை எடுத்து, தூசி தட்டிவிட்டு, திரும்ப உள்ளேயே வைத்தார்.

"தங்கச்சிக்கு வரன் பாக்கறீங்களாமே?" என்றார். "நாளைக்கு நம்ம கார்லயே வந்துடும்மா. பஸ்ல ஏன் அலையற?"

நான் காரில்தான் வந்தேன், டீச்சர். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். நீங்கள் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு நான் இறங்குவதைப் பார்த்தீர்கள்.

அதிகாரியின் மேஜையில் சட்டப் புத்தகம் இருந்தது. புது அட்டை, இன்னும் மடங்காத புத்தகம். உங்கள் காகிதத்தை என்னிடம் காட்டி, "இது யார் கையெழுத்து?" என்றார்.

"அவங்களுதுதாங்க."

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே தேதி போடாம எழுதி வாங்கினாங்கன்னு இவங்க சொல்றாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்களாம். பாத்தீங்களா?"

"ஞாபகம் இல்லீங்க."

"உங்ககிட்ட அப்படி ஏதாவது எழுதி வாங்கியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"பயப்படாம சொல்லுங்கம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லிவிடு என்பதற்காகத்தான் அந்த மனுஷன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பல வருஷம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கு, இவர் ஏன் என்னைப் போட்டுப் படுத்துகிறார் என்று எரிச்சலாக இருந்தது. கடைசியில் உங்கள் பக்கம் திரும்பி, "நீக்கறதத்தாம்மா இந்தச் சட்டம் தடுக்கும். விலகறத நான் எப்படித் தடுக்கறது?" என்றார். புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்தால் கார் இல்லை. பண்ணையாருக்கு வேறு வேலையாம், கிளம்பிவிட்டார். என் உபயோகம் அவ்வளவுதான். பஸ் ஏறினால் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நகர்ந்து இடம் விட்டீர்கள்.

"உக்காருங்க டீச்சர்."

பஸ் பாபநாசம் தாண்டியது. பிறகு நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே, "உங்க காகிதமும் அங்கதான இருக்கு. எனக்குத் தெரியும்" என்றீர்கள். திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம், துடைத்துக்கொண்டிருப்பேன். "அந்தப் பதினோரு பேர மட்டும் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்ததே அதுதானே.

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறு வாரம் உங்கள் வகுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் புது வருகைப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "பழசு ஏதோ மை கொட்டிப்போச்சாம். பாத்து எழுதிடும்மா" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் சிவப்பு இருந்த இடத்திலெல்லாம் என் நீலம். ஓரக் குறிப்புக்கு இடமே விடவில்லை. பழைய பதிவேட்டை என் கண் முன்னால்தான் வெந்நீர் அடுப்பில் போட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஏதோ சமாதானம் பேசி முள்ளை எடுத்தார்கள். பதினோரு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் மாடு மேய்க்கவும், நாற்றங்காலில் நாற்றுக்கட்டு தூக்கவும் போய்விட்டார்கள். வராத அந்த ஒன்பது பிள்ளைகளையும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒருநாள் விடாமல் நான் பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தேன். பரீட்சை எழுதவைத்தேன். பாஸ் போட்டேன். அவர்கள் தலைக்கணக்கில்தான் என் வேலை நிலைத்தது.

ஊருக்குப் போன பிறகு உங்களுக்கு வேறு பள்ளிக்கூடம் எதுவும் அமையவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கே போனாலும் முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருப்பார்கள். சொந்தக் காரணம் என்று காகிதத்தில் இருக்கிறது. கருவாடு காயவைத்துக்கொண்டே குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்களாம். நீங்கள் போய்விட்டதாக உங்கள் தம்பி ஒரு கார்டு போட்டிருந்தார். காரியத்துக்குக்கூட நான் வரவில்லை. முட்டிவலி, பஸ் இல்லை, எதையாவது சொல்லலாம். சொந்தக் காரணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. சட்டம் நல்ல சட்டம்தான், என்னைக் காப்பாற்றியது. ஒழுங்காகச் சம்பளம், ஒழுங்காக ஓய்வு, இப்போது பென்ஷன். வருஷத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன். அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அஞ்சலை என்னைத் தேடி வந்தாள். உங்கள் இரண்டாம் வகுப்பு, கடைசி வரிசை, காதில் வேப்பங்குச்சி போட்டிருப்பாளே, அந்த அஞ்சலை. தலை முழுக்க நரை. விதவைப் பணத்துக்கு வயதுச் சான்று வேண்டுமாம். பள்ளிக்கூடத்தை மூடிப் பல வருஷமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை என்று. பதிவேடுகள் எங்கேயோ அலுவலகத்தில் கிடந்து, அலைந்து நடந்து ஒரு நகல் வாங்கிவிட்டாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"டீச்சரம்மா, இதுல நான் அஞ்சாவது பாஸுன்னு போட்டிருக்காமே. ஆபீஸ்ல அந்தப் பொண்ணு, 'படிச்சவங்கதான பாட்டி, கையெழுத்துப் போடுங்க'ங்குது. எனக்கு எங்க வரும்? அந்தக் கடக்கரை டீச்சர் வாய்க்கால்ல எறங்கி வந்து சொல்லிக் குடுத்தாங்கள்ல, அதுல எம் பேரோட மொத எழுத்து மட்டும் கையில நிக்குது."

என் மேஜையிலேயே மனுவை வைத்து 'அ' என்று மட்டும் எழுதினாள். நடுக்கமில்லாமல், சுழி சரியாக வந்தது. மீதிப் பெயருக்குக் கட்டைவிரலை மையில் தேய்த்து வைத்தாள்.

"யாரு அஞ்சாவது வரைக்கும் போட்டு வெச்சாங்களோ, நல்லாருக்கட்டும். வயசுக்கு ஒரு அத்தாட்சியாச்சு" என்றாள்.

நான் சொல்லவில்லை, டீச்சர். அவளிடமும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் என் தங்கையின் பேத்தி ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். படித்த சர்டிபிகேட் எல்லாவற்றையும் அசலாகவே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்களாம், நடுவில் விட்டுப் போகாமலிருக்க. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எல்லாரும் குடுக்கறதுதான் பாட்டி" என்றாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்தக் காகிதம் மேஜையில் கிடக்கிறது. இன்று காலை ஒரு வைராக்கியம் வந்தது. விசாரணை நடந்த அந்த நாளை அதில் எழுதிவிடலாம் என்று. அன்றைக்கு நான் விலகியிருக்க வேண்டும். விலகுகிறேன், இதோ என்னிடமும் வாங்கினார்கள் என்று அந்த மேஜையில் கத்தியிருக்க வேண்டும். இனிமேல் யாருக்கும் பிரயோஜனமில்லை, தெரியும். ஆனாலும் அந்தக் கோடு காலியாக இருக்க வேண்டாமே. கடைக்குப் போய்ச் சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முனையைப் புள்ளிக்கோட்டின் மேல் வைத்தேன்.

தேதி போட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று இருந்தது. பண்ணையார் செத்து, பள்ளிக்கூடம் இடிந்து, இந்தக் காகிதத்தைக் கேட்க உலகத்தில் ஒருத்தரும் இல்லாத இந்த வயதில், நிஜமாகவே அப்படிப் பயந்தேன், டீச்சர். பேனாவை மூடிவிட்டு, காகிதத்தை மடித்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி இடுப்பில் இருக்கிறது.